எழுந்து நின்ற சவரிமுத்து முசே

இன்று மேட்னியில் பட்டாளக் கோர்ட் படம் பார்த்தேன். எனக்கு முன்வரிசையில் சவரிமுத்து முசே. முசே என்றால் பிரெஞ்சில் ஐயா.

சைகோனில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் நாங்கள் சேர்ந்து இருந்தபோது, காவல் நேரத்தில் தூங்கியவர் அவர். "இவன்தான் தூங்கினான்" என்று பட்டாளக் கோர்ட்டில் சத்தியம் செய்து என்னை மூன்று மாதம் சிறைக்கு அனுப்பியவரும் அவரே.

படத்தில் நீதிபதிகள் தீர்ப்புச் சொல்ல உள்ளே வந்தார்கள். பழக்கதோஷம், கொட்டகையிலிருந்த பழைய சொல்தாக்கள், பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய்கள், அத்தனை பேரும் விறைப்பாக எழுந்து நின்றோம்.

"உக்காருங்கய்யா, படம் மறைக்குது!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள்.

உட்கார்ந்தோம். அவரும் உட்காரப் போனார். நான் அவர் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க நில்லுங்க முசே. தீர்ப்பு உங்களுக்குத்தான்."

திரும்பிப் பார்த்தார். படம் முடியுமுன்பே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசையிலும் எனக்கு முன் பெஞ்சில்தான் உட்காருவார். அங்கே காதில் என்ன சொல்லலாம்? யோசனை இருந்தால் சொல்லுங்கள்.