முதலாளிக்குப் போர்த்திய பொன்னாடை

டென்மார்க்கில் நாங்கள் இருக்கும் சிறுநகரத்தில் சம்பளத்துக்கு ஆடும் உள்ளரங்கக் கால்பந்து அணி ஒன்று உண்டு. அதை ஒருவர் வாங்குவார், அடுத்த பருவத்துக்குள் விற்றுவிடுவார். அப்படி வந்த ஒருவரை எங்கள் தமிழ்ச் சங்க விழாவுக்குப் பிரதம விருந்தினராக அழைத்துப் பொன்னாடை போர்த்திய மடையன் நான்தான்.

"இந்த அணிதான் என் குடும்பம்" என்று பேசிக் கைதட்டு வாங்கினார். அவர் பொன்னாடையோடு வடை தின்றுகொண்டிருக்கையில், என் மகள் கைபேசியில் வந்த செய்தியைக் காட்டினாள். அணியை முந்தின நாளே விற்றிருந்தார்.

போன மாதம் புது முதலாளி என்னிடம், "எனக்கும் சால்வை உண்டா?" என்று கேட்டார்.

"போனவரிட்டக் கேளுங்கோ. அணியோட சேர்த்து அதையும் வித்திருப்பார்" என்றேன்.

இப்போதெல்லாம் பொன்னாடை கோல்காப்பாளருக்குத்தான். எத்தனை முதலாளி மாறினாலும் அந்த மனுசன் கோல் வாசலிலேயே நிற்கிறார்.