எப்போது காயும்?

பெயின்ட் தொழிலில் இருக்கிறவர்கள் வாயில் எப்போதும் ஒரே கேள்விதான் இருக்கும்: "எப்ப காயும்?" நானும் அதைக் கேட்டுக் கேட்டே நரைத்தவள். பெயின்ட் ஓடுவதற்குத் தின்னர் கலக்க வேண்டும். பூசியானதும் அந்தத் தின்னர் ஆவியாகிப் போகும்வரை தேவுடு காக்க வேண்டும். அது ஆவியாகி எங்கே போகும்? பெங்களூரை ஒட்டிய பொம்மசந்திராவில் எங்கள் கம்பெனியைப் பொறுத்தவரை, பாதி கூரைக்குப் போகும். மீதி என் தலைமுடியிலும் துணியிலும் ஏறிக்கொண்டு வீட்டுக்கு வரும்.

என் மகளுக்கு வீசிங் உண்டு. அந்த வாசனை பட்டால் போதும், நெஞ்சு விசிலடிக்க ஆரம்பித்துவிடும். அதனால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம். வாசலில் செருப்பைக் கழற்றியதும் நான் யாரிடமும் நிற்காமல் நேராகக் குளியலறைக்கு ஓட வேண்டும். தலைக்கு ஊற்றிக்கொண்டு, துணியைச் சோப்புத் தண்ணீரில் முக்கிவிட்டு வந்த பிறகுதான் குழந்தையைத் தொடலாம். அதுவரை அவள் சோபாவில் உட்கார்ந்தபடி கையை நீட்டிக்கொண்டிருப்பாள். கம்பெனியை மனதாரத் திட்டிக்கொண்டே குளிப்பேன். வேலையை விட்டுத் தொலைக்கலாம் என்றால், எனக்குத் தெரிந்ததும் பிடித்ததும் இது ஒன்றுதான்.

அப்போதுதான் தின்னரே சேராத அக்ரிலிக் பூச்சு செய்யும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். இதில் ஆவியாகிப் போவதற்கு ஒன்றுமே கிடையாது. பூசியது முழுவதும் பூச்சாகவே நிற்கும். அட்டையில் பூசி, ஈயக் கவசம் போட்ட மெஷினுக்குள் அனுப்பினால், எலக்ட்ரான் கற்றை பட்டதும் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கெட்டியாகிவிடும். கண்ணை மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்துவிடும். இதற்கு ஒரே எதிரி காற்றில் இருக்கும் ஆக்சிஜன். அது உள்ளே புகுந்தால் அடியில் கெட்டியாகும், மேலே மட்டும் வெல்லப்பாகு மாதிரி ஒட்டும். அதனால் மெஷினுக்குள் நைட்ரஜனை நிரப்பி ஆக்சிஜனை வெளியே துரத்துவோம்.

லேபில் பிரமாதமாக வந்தது. அட்டைப்பெட்டி அச்சடிக்கும் வாடிக்கையாளர் ஒருவர் ஆனேக்கல் பக்கம் பெரிய மெஷின் வைத்திருந்தார். அங்கே முதல் ட்ரையலில் ஒட்டித் தொலைத்தது. இரண்டாவது ட்ரையலுக்குக் கிளம்பும்போது எங்கள் எம்.டி. சொன்னார்: "பாரும்மா, இன்னிக்கு வந்துச்சுன்னா பின்னாடி காலியா கிடக்கிற ஷெட்டையே உனக்குத் தந்துடறேன். வாசனை எதுவும் வராது. போச்சுன்னா இதை மூடிடுவேன். நீ பழையபடி தின்னர் லைனுக்கே வந்துடணும்."

எனக்கு அந்த ஷெட் வேண்டும். வழி முழுக்க வேறெதையும் நினைக்கவில்லை.

எங்களோடு சூப்பர்வைசர் அண்ணாவும் வந்தார். காலமெல்லாம் தின்னர் பெயின்ட்டோடு குடித்தனம் நடத்தியவர். ஆனாலும் என் பூச்சின் மேல் என்னைவிட அவருக்குப் பாசம் அதிகம். போனதும் மெஷினுக்குப் பொட்டு வைத்தார், எலுமிச்சம்பழம் நறுக்கிக் குங்குமம் தடவி இரண்டு பக்கமும் வைத்தார். எம்.டி.யே கும்பிட்டுக்கொண்டார்.

மெஷின் ஓடியது. வெளியே வந்த அட்டையில் வாடிக்கையாளர் கட்டைவிரலை வைத்து அழுத்தித் திருகினார். விரல் ஒட்டிக்கொண்டு வந்தது.

"ஆகல்ல மேடம், ஆகல்ல," என்றார் கன்னடத்தில். பிறகு தமிழில், "போன வாட்டி மாதிரியேதான் இருக்கு."

ஆக்சிஜன் மீட்டரைப் பார்த்தேன். எண் இறங்கவே இல்லை. மீட்டர் பழசு என்றார் ஆபரேட்டர்.

"பூச்சுல தப்பில்ல சார். எங்கேயோ உள்ளே காத்து போகுது," என்றேன் எம்.டி.யிடம்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்," என்றார் அவர், எல்லாருக்கும் கேட்கும்படி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோலார் தங்கவயலில் பிறந்த வாய் சும்மா இருக்குமா? "கூடத்தைப் பார்த்துட்டு வந்து பேசறேன் சார்," என்று சொல்லிவிட்டு, அட்டை உள்ளே போகும் மெஷின் வாயருகே போய்க் குனிந்தேன். வேர்த்துக் கொட்டியது. கோபத்தில் அழுகை வேறு முட்டியது. தின்னர் லைன், குளியலறை, நீட்டிய கை என்று எல்லாம் கண்முன் வந்து போயின.

அப்போது என் பின்கழுத்து சில்லென்றது.

திரும்பினேன். ஆள் உயர பெடஸ்டல் ஃபேன் ஒன்று மெஷின் வாயைப் பார்த்து முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் சூப்பர்வைசர் அண்ணா பெருமையாக நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணா, இதை யார் வெச்சது?"

"நான்தான் மேடம். சீக்கிரம் காயட்டுமேன்னு. எந்த ட்ரையலுக்குப் போனாலும் முதல்ல ஃபேனைத்தான் வெப்பேன். போன வாட்டியும் வெச்சேனே, நீங்க கவனிக்கல."

"ஐயோ அண்ணா! நாங்க காத்தை அடிச்சுத் துரத்திட்டு இருக்கோம், நீங்க வெத்தலை பாக்கு வெச்சு அழைக்கிறீங்களே!"

அவர் முகம் செத்துப்போயிற்று. ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினார். அது போதாதென்று ஃபேனையே அலாக்காகத் தூக்கிக்கொண்டு போய் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு வந்தார். பழசு என்று பழி சுமந்த மீட்டரில் எண் மளமளவென்று இறங்கியது.

"இப்ப ஓட்டுங்க," என்றேன்.

அட்டை வந்தது. வாடிக்கையாளர் கட்டைவிரலை வைத்துத் திருகினார். ஒட்டவில்லை. நகத்தால் சுரண்டினார். டேப்பை ஒட்டி வெடுக்கென்று பிய்த்தார். டேப் சுத்தமாக வந்தது. மூக்கில் வைத்து மோந்து பார்த்தார். பிறகு அட்டையைப் பத்திரமாக ஓரம் பிடித்துக்கொண்டு என்னைக் கேட்டார்:

"நல்லா இருக்கு மேடம். எப்ப காயும்?"

"காஞ்சுபோச்சு சார்! உங்க கைக்கு வர்றதுக்கு முன்னாடியே காஞ்சுபோச்சு!"

அந்த இடமே சிரிப்பில் அதிர்ந்தது. நான் சிரித்தேனா கத்தினேனா தெரியாது. டிகிரி வாங்கிய அன்றுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை. எம்.டி. மெல்லப் பக்கத்தில் வந்து, "கூடம் கோணல்தான் போலிருக்கு," என்றார். "கோணலேதான் சார்," என்றேன், அவர் சொன்ன அதே சத்தத்தில். ஆர்டரை அங்கேயே வாய்விட்டுச் சொல்லிவிட்டார் வாடிக்கையாளர். திரும்பும் வழியில் ஹோசூர் ரோட்டு பேக்கரி ஒன்றில் வண்டியை நிறுத்தச் சொல்லி, அண்ணா எல்லாருக்கும் தேங்காய்ப் பூரணம் வைத்த தில்பசந்த் வாங்கித் தந்தார். எனக்கு மட்டும் இரண்டு துண்டு.

எம்.டி. வாக்குத் தவறவில்லை. பின்பக்க ஷெட்டைக் கழுவி, வெள்ளையடித்து எங்களுக்குக் கொடுத்தார். அங்கே முதல் நாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். செருப்பைக் கழற்றினேன், ஓடினேன், கதவைச் சாத்தினேன், வாளியில் தண்ணீரைத் திறந்துவிட்டு மக்கைக் கையில் எடுத்தேன்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் என் மகள். அவள் அந்தக் கதவருகே வந்ததே கிடையாது. கிட்டே வந்து என் துணியில் மூக்கை வைத்து இழுத்தாள். ஒரு முறை, இன்னொரு முறை. நெஞ்சில் விசில் இல்லை.

"அம்மா, எதுக்கு ஓடுன? உன்மேல ஒண்ணும் நாறலையே."

பழக்கத்தில் ஃபேன் வைத்த அண்ணாவை அத்தனை பேர் முன்னால் வாரிய நான், கையில் மக்கோடு நின்றேன். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, குளிக்காமலேயே அவளைத் தூக்கிக்கொண்டேன்.