கூட்டினால் எட்டு வரும் பத்மினி

பழைய கார் ஒன்றை வாங்கித் தன் கையாலேயே புதுப்பிக்க வேண்டும் என்று வினிதா முடிவு செய்தபோது அவளுக்கு வயது முப்பத்தெட்டு. மைசூர் ஹெப்பாளில் பேரிங் வளையம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பதினேழு ஆண்டுகளாகத் தர ஆய்வு அவள் வேலை. அளவு சரியாக இருக்கும் பெட்டிக்குப் பச்சை அட்டை கட்டுவாள், தவறினால் சிவப்பு. அவளிடம் அந்த வேலையைக் கற்றுக்கொண்ட மூன்று ஆண்கள் இன்று சூப்பர்வைசர்கள். அவளுக்கு ஏன் அந்த நாற்காலி வரவில்லை என்று கேட்டால் நிர்வாகத்தில் எல்லோரும் ஷிஃப்ட் நேரத்தைப் பற்றிப் பேசுவார்கள். வளையத்தில் ஒரு மயிரிழைப் பிழையைப் பொறுக்காத அதே தொழிற்சாலைதான்.

"பதினேழு வருசமா வளையத்தையே பாத்துட்டிருக்கேன் உமேஷ். அது எந்த வண்டியில போயி ஓடுதுன்னு ஒரு நாளும் பாத்ததில்ல. ஒரு முழு வண்டிய நானே சேக்கோணும்" என்றாள் ஒரு நாள் கம்பெனி பஸ்ஸில்.

உமேஷ் அதே தொழிற்சாலையில் ஃபிட்டர். வீட்டில் கன்னடம். அவன் தமிழெல்லாம் வினிதாவுடன் சண்டை போட்டே வந்தது. அப்பாவின் பழைய ஸ்கூட்டரை உயிர்ப்பித்து ஓட்டுகிறவன் என்பதால் அவனுக்கு இதில் ஒரு மரியாதை உண்டு.

"முதல் வண்டி அல்லவா மேடம்? ஹெரால்டு, மோரிஸ் எல்லாம் பேடா, வேண்டாம். ஒரு கைப்பிடிக்கு ஊர் ஊரா அலையணும். பத்மினி எடுங்க. சின்ன வண்டி, எஞ்சினும் சிக்கல் இல்லாதது, பாகமெல்லாம் இன்னும் கெடைக்குது."

"எஞ்சின் ஓடலைன்னா?"

"ஓட வைக்கலாம். ஆனா இதுல தனியா சேசிஸ்னு அடிச்சட்டம் கெடையாது. உடம்புதான் எலும்பு. அது துரு தின்னிருந்தா ஒண்ணும் பண்ண ஆகாது, திரும்பி வந்துடுங்க."

அந்த மாதம் மைசூரில் விலைக்கு இருந்தவை இரண்டு பத்மினிகள். ஒன்று சரஸ்வதிபுரத்தில். இன்னொன்று நஞ்சன்கூடு சாலையில், மூடிக்கிடந்த ஓர் அரிசி ஆலைக்குள். மேட்டகள்ளியில் வினிதா குடியிருந்த வீட்டின் பக்கத்தில் இருந்த தகரக் கொட்டகையிலோ ஒரு கார்தான் நிற்கும்.

இரண்டின் விவரத்தையும் தரகரிடம் முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டவர் வினிதாவின் அம்மா கமலம்மாள். தரகர் வண்டி எண்களைச் சொன்னதும் விரல்விட்டுக் கூட்டினார்.

"சரஸ்வதிபுரத்து வண்டி ஆறு. நல்ல எண்ணு. இன்னொண்ணு எட்டு, சனி. அதுவுமில்லாம அதோட ஓனரு அதுலயே உசுர உட்டாராம். ஆளத் தின்ன வண்டி. அது இந்தக் கேட்டுக்குள்ள வந்துச்சுன்னா நான் ராமாபுரத்துக்குப் பஸ் ஏறிப் போயிருவேன் கண்ணு, இப்பவே சொல்லிப்புட்டேன்."

வெறும் மிரட்டல் இல்லை அது. கமலம்மாளைச் சொந்த ஊரான ராமாபுரத்திலிருந்து மைசூருக்கு வரவழைக்க வினிதாவுக்குப் பத்து வருடம் பிடித்திருந்தது. வந்து மூன்று வருடம்தான் ஆகிறது.

வினிதாவுக்குப் பன்னிரண்டு வயதில் அப்பா இறந்தார். அன்றிலிருந்து கமலம்மாள் யாருடைய பயணத்துக்கும் எதிரில் வந்ததில்லை. மகள் வேலையில் சேர மைசூருக்குப் பெட்டியோடு கிளம்பிய காலையிலும், தன் முகம் எதிர்ப்பட்டால் மகளுக்கு ஆகாது என்று மாட்டுக்கொட்டகையில் போய் ஒளிந்துகொண்டார். வினிதா அம்மாவைத் தேடிக்கொண்டு நின்றதில் முதல் பஸ்ஸே போய்விட்டது. பெற்று, உழுது, கடன் அடைத்து, படிக்க வைத்த ஒரு மனுஷியை மாட்டுக்குப் பின்னால் ஒளிய வைக்கிற ஒன்றுக்கு இந்த ஊர் உலகத்தில் ராசி என்று பெயர். அந்தச் சொல் காதில் விழுந்தாலே வினிதாவுக்கு உடம்பு எரியும். இப்போது அம்மாவே அதை ஒரு காரின் மேல் சொல்கிறார்.

"சரி. ரெண்டையும் பாக்கலாம். நீயும் வா, பாத்துட்டுச் சொல்லு" என்றாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை சரஸ்வதிபுரம். வங்கியில் ஓய்வு பெற்ற செலுவநாராயணன் வாசலிலேயே நின்றார். மேல்கோட்டைப் பக்கத்துக் குடும்பம்.

"வாங்கோ, வாங்கோ. நாப்பது வருஷம் இவளோட இருந்துட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை தவறினதில்லை. குடம் குடமா ஜலம் விட்டு அலம்பி, சந்தனம் இட்டு, புஷ்பம் சாத்திட்டுத்தான் எனக்குக் காபி. இப்போ கண்ணு சரியில்லை, ஓட்ட முடியலை."

வானநீல வண்டி. பானெட்டில் குங்குமம், கண்ணாடியில் மல்லிகைச் சரம். கமலம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வினிதா பையிலிருந்து காலுறைக்குள் போட்ட காந்தம் ஒன்றை எடுத்தாள். தகடு இருக்கும் இடத்தில் காந்தம் பிடிக்கும், துளையை மெழுகிப் பூசிய பட்டியில் பிடிக்காது. கூரையில் பிடித்தது. கதவின் நடுவில் பிடித்தது. கதவின் அடிப்பக்கம் வந்ததும் நழுவித் தரையில் விழுந்தது. நான்கு கதவிலும் அப்படியே. கதவுக்கு அடியில் தண்ணீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். உமேஷ் படுத்துப் பார்த்தான். நாற்பது வருடச் சந்தனமும் பூவிதழும் அவற்றைக் கல்போல அடைத்திருந்தன. உள்ளே போன தண்ணீர் வெளியே வரவே இல்லை.

வினிதா கால்மிதியை விலக்கி ஸ்க்ரூ டிரைவரை ஊன்றினாள். கைப்பிடி வரை இறங்கியது. துளை வழியே கீழே சிமென்ட் தரையும் அதில் ஊரும் எறும்புகளும் தெரிந்தன.

"சார், இத காலாலயே தள்ளி ஓட்டலாம், பெட்ரோலே பேடா" என்றான் உமேஷ். வினிதா முழங்கையால் அவன் விலாவில் இடித்தாள். முதலில் சிரித்தவர் செலுவநாராயணன்தான். சிரித்து முடித்ததும் மெதுவாகக் குனிந்து துளையைப் பார்த்தார்.

"குளிப்பாட்டினேனே ஒழிய, தொடைச்சு விடத் தோணலை பாருங்கோ" என்றார்.

ஆறு என்ற நல்ல எண் இரும்பைக் காக்கவில்லை. தண்ணீர் தன் வேலையைச் செய்திருந்தது, அதற்குக் கற்பூரம் காட்டத் தெரிந்தவர் தெரியாதவர் என்ற பேதம் கிடையாது. ஆனாலும் அந்த நல்ல மனிதர் முகத்துக்கு நேராகச் சிவப்பு அட்டை கட்ட வினிதாவுக்கு மனம் வரவில்லை. யோசித்துச் சொல்வதாகக் கூறிவிட்டு வந்தாள்.

"அடித்தகடுதான கண்ணு, மேல நல்லாத்தான இருக்குது?" என்றார் கமலம்மாள் வழியெல்லாம்.

அடுத்த ஞாயிறு அரிசி ஆலை. திறந்துவிட்ட மாதேவிக்கு அறுபது வயதிருக்கும். ராமாபுரத்துக்குப் பக்கத்தில் ஹனூர், அதனால் கமலம்மாள் பேசும் அதே தமிழ். கமலம்மாள் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. உமி மூட்டை ஒன்றின் மேல் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்.

கரும்பச்சை வண்டி. பதினொரு வருடத் தூசி. வயர்களையும் சீட்டையும் எலி தின்றிருந்தது. கண்ணாடி ஒன்று உடைந்திருந்தது. பார்க்க அழகாக ஒன்றுமே இல்லை. வினிதா காந்தத்தை வைத்தாள். பிடித்தது. கதவின் அடிப்பக்கம், சக்கர வளைவு, ஸ்பிரிங் பொருந்தும் இடம், எங்கும் பிடித்தது. ஸ்க்ரூ டிரைவரால் ஒரு கீறல்தான் போட முடிந்தது. சகுனம் பார்த்து யாரும் தொடாததால் யாரும் தண்ணீர் ஊற்றவும் இல்லை. ஆலையின் வறண்ட காற்றில் வண்டி சும்மா நின்றிருந்தது.

"எஞ்சின் இறுகியிருக்கான்னு பாக்கணும்" என்ற உமேஷ், ப்ளக்குகளைக் கழற்றி எண்ணெய் விட்டான். "அர்த கண்டை ஊறட்டும்."

அந்த அரை மணி நேரத்தில்தான் கமலம்மாள் வாயைத் திறந்தார்.

"ஏனுங்க, உங்க ஊட்டுக்காரரு நெசமாலுமே இதுலயா போனாரு?"

மாதேவி அவரைப் பார்த்தார். பொட்டில்லாத நெற்றியையும் பார்த்திருப்பார்.

"நாலு நாளா நெஞ்சு வலிங்கக்கா. ஆசுபத்திரி வேண்டாம்னு தாயத்துக் கட்டி உட்டாங்க. அஞ்சாம் நாளு நான்தான் தூக்கி இதுல ஏத்துனேன். பக்கத்து ஊட்டுக்காரர் ஓட்டுனாரு. ஒரு எடத்துல நிக்கல, ஆசுபத்திரி வாசலுக்கே கொண்டாந்து உட்டுச்சு. அங்க போயித்தான் உசுரு போச்சு. அதுக்கு மேல வண்டி என்னங்க பண்ணும்?"

"அதைய யாரும் சொல்லலீங்களே."

"தாயத்துக் கட்டுனவனை ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. வண்டியச் சொன்னாங்க, அப்பறம் என்னையச் சொன்னாங்க. என்ற நாத்தனார் மக கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிக்கையே வரல."

கமலம்மாள் உமி மூட்டையில் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு, "என்ற தம்பி மக கல்யாணத்துல என்னையப் பின்கட்டுல வெங்காயம் உரிக்க உட்டாங்க" என்றார்.

"பெரிய வெங்காயமா, சின்னதா?"

"சின்னதுங்க. ரெண்டு மூட்டை."

"படுபாவிங்க" என்றார் மாதேவி. இருவரும் சிரித்துவிட்டார்கள்.

டயர்களில் காற்றடித்து, வண்டியை நான்காவது கியரில் போட்டுத் தள்ள வேண்டும். சக்கரம் உருண்டால் எஞ்சின் சுற்ற வேண்டும். இறுகியிருந்தால் வண்டி அசையாது. வினிதா ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தாள். உமேஷும் மாதேவியும் பின்னால் தள்ளினார்கள். வண்டி அசையவில்லை. இன்னொரு முறை. அசையவில்லை.

"மேடம், ஊறல போல, இன்னொரு வாரம்..." என்று உமேஷ் தொடங்கும்போது கமலம்மாள் எழுந்தார். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து டிக்கியில் இரண்டு கைகளையும் வைத்தார்.

"மூட்டை தூக்குன கைதான். தள்ளுங்க."

கீழே எதுவோ 'டக்' என்று விட்டது. வண்டி ஒரு முழம் போனது, பிறகு இரண்டு. முன்னால் ஓடி, திறந்திருந்த பானெட்டுக்குள் எட்டிப் பார்த்த உமேஷ் கத்தினான்: "ஃபேன் சுத்துது! மேடம், ஃபேன் சுத்துது!"

வினிதா இறங்கி, பையிலிருந்து பச்சை அட்டை ஒன்றை எடுத்துக் கைப்பிடியில் கட்டினாள். அம்மாவிடம் எதுவும் கேட்கவில்லை. கமலம்மாளும் ராமாபுரத்துப் பஸ்ஸைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

பதினான்கு மாத ஞாயிறுகள் அந்தத் தகரக் கொட்டகையில் போயின. வயரிங்கை இரண்டு முறை தப்பாக இழுத்து மூன்றாம் முறை சரி செய்தாள். கமலம்மாள் மண்ணெண்ணெயில் நட்டு போல்ட்டுகளைக் கழுவி, எது எங்கிருந்து வந்தது என்று தனித்தனி டப்பாவில் போட்டு வைத்தார். ஒன்றுகூடத் தொலையவில்லை. செலுவநாராயணன் ஒரு நாள் ஆட்டோவில் வந்து, தன் வண்டியின் ஹெட்லைட் இரண்டையும் துணியில் சுற்றிக் கொடுத்தார். "இவ கண்ணாவது ரோட்டைப் பார்க்கட்டும்" என்றார். நன்றாகத் துடைத்துக் கொண்டுவந்திருந்தார்.

வண்டி முதன்முதலாகத் தெருவில் இறங்கிய காலையில் அக்கம்பக்கத்தார் கூடினார்கள். வீட்டுக்கார அம்மா, "யாராவது சுமங்கலியா எதிர்ல வரச் சொல்லு வினிதா, முதல் தடவை அல்லவா" என்றார்.

"எங்கம்மா வரட்டும் எதிர்ல" என்றாள் வினிதா.

கமலம்மாள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"நான் எதுக்கு வெயில்ல எதிர்ல நிக்கோணும்? கதவத் தொற கண்ணு, முன்னால உக்காந்துக்கறேன்."

உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினார். உமேஷ் ஜன்னலில் குனிந்து, "எங்க பயணம் அம்மா?" என்று கேட்டான்.

"ராமாபுரத்துக்குத்தான். வண்டி கேட்டுக்குள்ள வந்தா போயிருவேன்னு அன்னைக்கே சொல்லலையா?"