வாய்க்காலுக்குத் தெற்கே

அந்த மனைத் தரகரை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. பஞ்சர் ஒட்டியதற்கு நான் கேட்டதைவிடப் பத்து ரூபாய் கூடக் கொடுத்தார். தஞ்சாவூர்ப் புறவழிச்சாலை ஓரத்தில் இருபது வருடமாகப் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். கேட்டதில் குறைக்கப் பார்க்கிறவர்களை எனக்குப் புரியும். கேட்காமலே கூட்டித் தருகிறவர் அதை வேறு எங்கோ வசூலிக்கப் போகிறார் என்றுதான் தோன்றும்.

அதற்குப் பிறகு பத்து நாளைக்கு ஒரு முறை வந்துவிடுவார். எப்போதும் பின் சக்கரம், எப்போதும் கருவேல முள். மனை விற்கிறவர், மனுசன் நடமாடாத இடத்தில்தான் வண்டி ஓட்டுகிறார் என்று நினைத்துக்கொள்வேன். வாய் திறந்து எதுவும் கேட்டதில்லை. எனக்குப் பேச்சு அவ்வளவு வராது. ட்யூப்பைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி வருகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

பேசியது என் மனைவி. மதியச் சோறு கொண்டுவந்தபோது அவர் நின்றுகொண்டிருந்தார். நாங்கள் இருந்த வீட்டை விற்கப்போவதாகவும், தைக்குள் காலி செய்ய வேண்டும் என்றும் வீட்டுக்காரர் அந்த வாரம்தான் சொல்லியிருந்தார். அது எங்களுக்கு ஆறாவது வாடகை வீடு. ஏழாவது வீட்டுக்கு நான் சட்டிபானை தூக்க மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னாள்.

"மனை எங்கண்ணே இருக்கு?" என்று தரகரிடம் கேட்டாள்.

அவர் ஊர்ப் பெயரைச் சொன்னார். தொட்டிக்குள் என் கை அப்படியே நின்றது. அது என் ஊர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அந்த ஊர் வயல்களில் பதினோரு வருடம் கூலி வேலை பார்த்தவன் நான். ஆற்றில் தண்ணீர் வராமல் தொடர்ந்து சில வருடம் பொய்த்தபோதுதான் டவுனுக்கு வந்தேன். இப்போது டவுன் அந்த ஊருக்குப் போயிருக்கிறது.

"அண்ணனுக்கு எந்தூரு?" என்றார் என்னைப் பார்த்து.

"குத்தாலம்" என்றேன்.

குத்தாலம் என் மனைவியின் ஊர். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவர் வண்டி கிளம்பிய பிறகு, "எப்பலேருந்து நீங்க குத்தாலத்துக்கு வாக்கப்பட்டீங்க?" என்று கேட்டாள்.

காரணத்தைச் சொன்னேன். அந்த இடத்தில் எது மேடு, எது பள்ளம் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்தால் நல்ல மனைக்கு விலையை ஏற்றுவார். தெரியாதவன் போல நடந்துகொண்டால் நல்லதை நாமே பொறுக்கிக்கொள்ளலாம்.

"நீங்களா இதெல்லாம் யோசிச்சீங்க?" என்றாள். பாராட்டா கேலியா என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனோம். வாசலில் ஒரு வளைவு, கலர் கொடிகள், மஞ்சள் அடித்த கற்கள். உள்ளே வலது பக்கம் முழுக்க நாங்கள் தாழ்வயல் என்று சொன்ன நிலம். ஐப்பசியில் முழங்கால் தண்ணீர் நிற்கும். நட்ட பயிர் அழுகி, இரண்டாவது தடவை நட்ட வருடங்கள் உண்டு. அதன் மேல் கொஞ்சம் செம்மண்ணைக் கொட்டி மட்டம் பார்த்திருந்தார்கள். செம்மண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கோரைக்குத் தெரியும். கல்லோரமெல்லாம் அது முளைத்திருந்தது.

தாழ்வயலுக்கு வடக்கே வாய்க்கால் ஓடியது. இப்போது அதைத் தூர்த்துத் தார் ரோடு போட்டிருந்தார்கள். பாதி தூரத்தில் அந்த ரோடு காரணமே இல்லாமல் முழங்கை மாதிரி வளைந்தது. வாய்க்கால் அங்கே வளைந்தது என்பதுதான் காரணம். வளைவுக்கு வடக்கே களத்து மேடு. அறுவடை முடிந்தால் ஊர் நெல்லெல்லாம் அங்கேதான் வந்து குவியும். எந்த வெள்ளத்திலும் அங்கே தண்ணீர் ஏறி நான் பார்த்ததில்லை.

தரகர் எங்களைத் தாழ்வயலில் நிற்கவே விடவில்லை. நேரே ரோட்டைத் தாண்டிக் களத்து மேட்டுக்குக் கூட்டிப்போனார். நாலு கல் நட்ட இடத்தைக் காட்டினார்.

"இதாண்ணே பதினாலாம் நம்பரு. கண்ண மூடிகிட்டு வாங்கலாம்."

"கண்ண தொறந்தே வாங்கறோம்" என்றாள் என் மனைவி.

நான் கால் கட்டை விரலால் மண்ணைக் கீறினேன். வருடா வருடம் சாணி மெழுகி இறுகிய மண். பிளந்தால் அப்பளம் மாதிரி ஏடு ஏடாக வந்தது. உமி கூடத் தெரிந்தது. இருப்பதிலேயே நல்ல இடத்தை, மற்ற மனைகளின் விலைக்கே தருகிறார். இவருக்கு விவரம் தெரியவில்லையா, தெரிந்தும் தருகிறாரா? தெரிந்து தருகிறார் என்றால் ஏன்?

என் மனைவி அதற்குள் செருப்பு நுனியால் மண்ணில் கோடு இழுத்துவிட்டாள். கிழக்கே சமையல்கட்டு, பின்னால் துவைக்கிற கல். கோட்டுக்குள் நின்று, "இங்கேருந்து பாத்தா ரோட்டுல யாரு வர்றாங்கன்னு தெரியுது" என்றாள். அப்போது அவள் முகத்தைப் பார்த்திருக்கக் கூடாது. பார்த்துவிட்டேன்.

அடுத்த இரண்டு வாரம் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. மூலப் பத்திரத்தின் நகலை வாங்கி, முதல் பக்கத்தை எழுத்துக் கூட்டிப் படித்து, மற்றதில் எண்களை மட்டும் தனியாக ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். தரகருக்குச் சொல்லாமல் சைக்கிளில் போய்ப் பார்த்தேன். ஒரு நாள் போனபோது களத்து மேட்டில் அந்த நாலு கல்லும் இல்லை. போன் செய்து, அந்தப் பக்கமாக வந்தேன் என்று சொல்லிக் கேட்டேன்.

"மாடு தள்ளிடுச்சுண்ணே. நாளைக்கி நட்டுடுவோம்."

நாலு கல்லையும் தள்ளி, தூக்கிக்கொண்டும் போகிற மாட்டை நான் பார்த்ததில்லை. ஆனால் மறுநாள் கற்கள் இருந்தன. என் மனைவியின் கோடுகளும் அழியாமல் இருந்தன. வேண்டும் என்று மனம் முடிவு செய்துவிட்டால் சந்தேகம் வாசலோடு நின்றுவிடுகிறது. முன்பணம் கொடுத்தோம்.

பத்திரம் எழுதுபவரின் அறை, பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு மாடியில் இருந்தது. வயதானவர். கம்ப்யூட்டரில் அடித்ததை எங்களுக்குப் படித்துக் காட்டினார். தரகர் சுவரில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு அடுத்து எழுத வேண்டிய ஒரு பெண், மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் காத்திருந்தார்.

பத்திரக்காரர் வேகமாகப் படித்தார். பெயர், வயது, விலாசம். பிறகு நான்கு எல்லை. "வாய்க்காலுக்குத் தெற்கு, பதினைந்தாம் எண் மனைக்கு மேற்கு" என்று போய்க்கொண்டே இருந்தார்.

நாங்கள் பார்த்த இடம் வாய்க்காலுக்கு வடக்கே இருக்கிறது. தெற்கே இருப்பது தாழ்வயல்.

இத்தனை பேர் இருக்கிற இடத்தில் ஒருவர் படிப்பதை நிறுத்தச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். என் மனைவி தலையாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அந்தக் கோடுகளுக்குள் நின்றது ஞாபகம் வந்தது.

"ஐயா, அந்த எல்லைய இன்னொருவாட்டி படிங்க" என்றேன்.

அவர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். மறுபடி படித்தார்.

"எந்த வாய்க்கா அது?"

தரகர் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே சிரித்தார். "அது பழைய பத்திரத்துல உள்ளத அப்படியே எழுதறதுண்ணே. வாய்க்காலாவது ஒண்ணாவது, இப்ப ரோடுல்ல."

"சரி. ரோட்டுக்குத் தெக்கன்னு எழுதியிருக்கு. நீங்க காட்டுனது வடக்க."

"அட, ரோடு வளையுதுல்லண்ணே, ஒங்களுக்குத் தெச கொழம்புது."

"வளையுது. தெரியும். அந்த வளைவுல பதினோரு வருசம் மடை தொறந்து விட்டவன் நான்."

தரகர் போனைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"குத்தாலம்னீங்க?"

நான் தரையைப் பார்த்தேன். என் மனைவி முன்னால் வந்தாள். "குத்தாலம் நானு. அத விடுங்க. காட்டுன எடத்தையே எழுதச் சொல்லுங்க. வடக்குன்னு மாத்துனா முடிஞ்சிது."

"எனக்கு என்ன குடுத்தாங்களோ அதத்தாம்மா எழுதுவேன்" என்றார் பத்திரக்காரர். ஆனால் அவருக்கும் ஏதோ பட்டிருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் ரோட்டுக்கு வடக்கே உள்ள அடுத்த சர்வே எண்ணைப் போட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தரகரைப் பார்த்தார். "களம் புறம்போக்குன்னு வருது. அது சர்க்கார் எடம். அத யாரும் யாருக்கும் எழுதிக் குடுக்க முடியாது."

அந்த நேரத்தில் தரகர் மேல் வந்ததைவிட எனக்கு என் மேல்தான் அதிகக் கோபம் வந்தது. பதினோரு வருடம் அந்தக் களத்தில் நெல் தூற்றியிருக்கிறேன். பெரிய நிலத்துக்காரர் நெல்லும் அங்கேதான் வரும், ஒரு மா நிலம் மட்டும் வைத்திருக்கிற குத்தகைக்காரன் நெல்லும் அங்கேதான் வரும். யாரும் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. அப்படியென்றால் அது தனி ஒருவருடையது இல்லை என்று ஒரு குழந்தைக்குக் கூடத் தெரியும். நான் தரகரின் டயரைச் சந்தேகப்பட்டேன், கல்லைச் சந்தேகப்பட்டேன், மாட்டைச் சந்தேகப்பட்டேன். தண்ணீர் ஏறாத இடம் என்ற ஒன்றை மட்டும் நம்பினேன். ஊருக்கே பொதுவான இடத்தைச் சத்தமில்லாமல் நான் மட்டும் அள்ளிக்கொள்ளப் பார்த்திருக்கிறேன். அதற்காகச் சொந்த ஊரையும் மறைத்திருக்கிறேன்.

தரகர் சண்டை போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. வெளியே மாடிப்படியில் எங்களை நிறுத்தி, யாருக்கோ போன் செய்தார். கால் மணி நேரத்தில் ஒரு ஆள் வந்து, முன்பணத்தை முழுதாகத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான்.

"ஏதோ தப்பு நடந்துபோச்சு. மனசுல வச்சுக்காம போயிட்டு வாங்கண்ணே" என்று சொல்லி, எங்களைக் கீழ்ப்படி வரைக்கும் வந்து அனுப்பிவிட்டு, டீக்கடைப் பக்கம் போனார்.

என் மனைவி பணத்தைப் பைக்குள் வைத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சாமி காப்பாத்துச்சு, வாங்க" என்றாள்.

நான் நகரவில்லை. இந்தத் தொழிலில் முன்பணத்தைக் கால் மணி நேரத்தில் யார் திருப்பித் தருவார்கள்? கேட்பதற்கு முன்னாலேயே ஏன் தந்தார்? அன்றைக்குப் பத்து ரூபாய் கூடக் கொடுத்தது நினைவு வந்தது. எங்களைச் சீக்கிரம் கிளப்ப வேண்டிய அவசரம் எதுவோ மேலே இருக்கிறது. பதினைந்தாம் எண் மனைக்கு மேற்கு என்று பத்திரக்காரர் படித்தாரே, அந்தப் பதினைந்து யாருக்கு?

"மேல ஒரு பொம்பள ஒக்காந்திருந்துச்சுல்ல" என்றேன்.

"அதுக்கு?"

படியேறினேன். அந்தப் பெண் இப்போது பத்திரக்காரருக்கு எதிரே இருந்த நாற்காலிக்கு மாறியிருந்தார். நாங்கள் பேசியதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அது வேறு யாருடைய சண்டையோ என்று நினைத்திருக்கிறார்.

"அம்மா, ஒங்களுக்கு எடத்த ரோட்டுக்கு எந்தப் பக்கம் காட்டுனாங்க?"

அவர் மஞ்சள் பையை இழுத்துப் பிடித்துக்கொண்டார். "நீங்க யாரு, வேற புரோக்கரா?"

"இல்லம்மா."

"பின்ன? நான் வேணாம்னா நீங்க வாங்கிப்பீங்களோ?"

அவர் சொன்னதில் தப்பும் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் நினைத்திருப்பேன். மேசையில் கிடந்த எங்கள் பத்திரத்தின் வீணான நகலை எடுத்துத் திருப்பி, பத்திரக்காரரிடம் பேனா வாங்கி, வாய்க்காலை வரைந்தேன். வளைவு, மடை, களம், தாழ்வயல். ஐப்பசியில் தண்ணீர் நிற்கும் அளவுக்குக் கோடு போட்டேன். பேசுவதைவிட அது சுலபமாக இருந்தது.

அவர் தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு களம் என்று நான் எழுதியிருந்த இடத்தில் விரல் வைத்தார். "இங்கதான் காட்டுனாங்க" என்றார். அந்த நாலு கல்லை அன்றைக்கு எந்த மாடும் தள்ளவில்லை, அடுத்த ஆளுக்குக் காட்டப் பிடுங்கியிருக்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. துபாயில் இருக்கிற கணவருக்குப் போன் போட்டு, அந்தத் தாளைப் படம் எடுத்து அனுப்பினார். அவர்கள் பேசியது முழுவதும் எனக்குக் கேட்கவில்லை. கடைசியில் தன் காகிதங்களையெல்லாம் பைக்குள் திணித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், படியிறங்கிப் போய்விட்டார். நான் வரைந்த தாளும் அந்தப் பைக்குள் போயிற்று.

தரகர் அதற்குப் பிறகு என் கடைக்கு வந்ததில்லை.

தை பிறக்கும் முன் ஏழாவது வாடகை வீட்டுக்குப் போனோம். சட்டிபானையை நானே தூக்கினேன். என் மனைவி தடுக்கவில்லை. புது வீட்டுக்காரர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்தூரு நீங்க?"

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஊர்ப் பெயரைச் சொன்னேன், உள்ளபடியே.

"அடடே" என்றார் அவர். முகம் மலர்ந்துவிட்டது. "அங்க ஒரு மனை சொல்லியிருக்காங்க. மகனுக்கு முடிக்கலாம்னு இருக்கேன். நல்ல மேடான எடம். ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

நான் கையிலிருந்த பானையைக் கீழே வைத்தேன்.

"ரோட்டுக்கு எந்தப் பக்கங்க காட்டுனாங்க?" என்று கேட்டேன்.