கொழும்பு பதில் சொன்ன சாயங்காலம்

அந்த வருடங்களில் எனக்குத் தூக்கம் போதாமல்தான் இருந்தது. கீழ்க்கட்டளையிலிருந்து ஷேர் ஆட்டோவில் பல்லாவரம், அங்கிருந்து மின்சார ரயிலில் கடற்கரை ஸ்டேஷன், பாரிமுனையில் ஓர் இன்ஷூரன்ஸ் அலுவலகம், சாயங்காலம் அதே வழியில் திரும்பி வருவது. ரயிலில் நின்றபடியே தூங்கப் பழகியிருந்தேன். மனைவி மேடவாக்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். சாப்பிட்டு முடித்ததும் பரீட்சைப் பேப்பர் கட்டைப் பிரித்து வைத்துக்கொள்வாள். நாங்கள் அதிகம் பேசிக்கொள்ள மாட்டோம். சண்டை ஒன்றுமில்லை. பேசத் தெம்பு இருக்காது.

இதற்கு நடுவில் எனக்கு ஹாம் ரேடியோ என்று ஒரு பழக்கம் இருந்தது. பரீட்சை எழுதி, மோர்ஸ் தந்திக்குறி தட்டிக் காட்டி, அரசாங்கத்திடம் உரிமம் வாங்கி, சொந்த வயர்லெஸ் செட்டில் முன்பின் தெரியாதவர்களோடு பேசுவது. பேசுவது என்றால் குடும்ப விஷயம் அல்ல. உன் அழைப்புக்குறி, அதாவது உரிமத்தோடு தருகிற எழுத்தும் எண்ணும், என்ன, எந்த ஊர், என் குரல் எப்படிக் கேட்கிறது, அவ்வளவுதான். ஹாம்களுக்காகவே மேலே அனுப்பப்பட்ட சின்னச் செயற்கைக்கோள்கள் சில அப்போது சுற்றிக்கொண்டிருந்தன. நாம் ஒரு அலைவரிசையில் பேசினால் அதை வாங்கி இன்னொரு அலைவரிசையில் திருப்பிச் சொல்லும். அது தலைக்கு மேலே கடந்து போகிற கொஞ்ச நேரத்துக்குள் கொழும்பு, கொச்சி, மஸ்கட் எல்லாம் பக்கத்து வீடாகிவிடும். பிறகு வெறும் இரைச்சல்.

என்னிடம் இருந்தது உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கையடக்க செட். ஆன்டெனாவை நானே செய்தேன். பிளாஸ்டிக் பைப்பில், தச்சர்கள் வைத்திருக்கும் இரும்பு அளவு டேப்பைத் துண்டு துண்டாக வெட்டி மாட்டியது. பார்க்க மீன் முள் மாதிரி இருக்கும். அதை வானத்தை நோக்கி நீட்டி, செயற்கைக்கோள் போகிற போக்கிலேயே மெதுவாகத் திருப்ப வேண்டும். குரல் மங்கினால் மணிக்கட்டைச் சாய்த்துப் பார்க்க வேண்டும். அது எப்போது வரும் என்பதை பிரவுசிங் சென்டரில் பார்த்துவிட்டு வருவேன். வார நாட்களில் நான் வீடு சேர்வதற்குள் அது போயிருக்கும். சனிக்கிழமை அரை நாள் என்பதால் அன்று மட்டும் வாய்க்கும்.

"தூங்க வேண்டிய நேரத்துல வானத்தைப் பாத்துக்கிட்டு நிக்கறீங்க," என்பாள் மனைவி. உண்மைதான். ஆனால் அலுவலகத்தில் யாரும் நான் சொல்வதைக் கேட்கவில்லை, வீட்டில் நானே பேசவில்லை. எங்கோ ஒருவர் "உங்கள் குரல் தெளிவாக இருக்கிறது" என்று சொல்வதற்காகப் படியேறிப் போவேன்.

நாங்கள் இருந்தது மாடிப் போர்ஷன். கீழே வீட்டுக்காரர், பம்மலில் தோல் கடை வைத்திருந்தார். தெருவில் எல்லாருக்கும் போல எனக்கும் அவர் பாய். வயது அறுபதை ஒட்டி இருக்கும். அவர் மனைவி முழங்கால் வலியால் அதிகம் வெளியே வரமாட்டார். ஒரே மகன் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். நான் மொட்டைமாடிக்குப் போகலாமா என்று முதலில் கேட்டபோது பாய் ஆன்டெனாவை வாங்கிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, டிவிக்கா?"

"இல்ல பாய். சேட்டிலைட் வழியா பேசறதுக்கு."

"இத்த வெச்சிகினா?" என்று சிரித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

அப்படியே ஒரு வருடத்துக்கு மேல் போயிற்று. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நான் மாடியில் நின்றுகொண்டிருந்தேன். வானத்தில் வெளிச்சம் இருந்தது. செயற்கைக்கோள் தெற்கே எழும்பியிருந்தது, யாரோ ஒருவர் கொச்சியிலிருந்து அழைத்துக்கொண்டிருந்தார். பதில் சொல்ல பட்டனை அழுத்தினேன். கீழே வாசலில் ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் படியில் பூட்ஸ் சத்தம்.

மேலே வந்தவர் ஒரு ஏட்டு. பின்னால் இன்னொரு காவலர். அவர்களுக்குப் பின்னால் பாய், லுங்கியை இறக்கி விட்டபடி, முகம் வெளுத்துப் போய்.

"இன்னா சார், மேல இன்னா காட்டிகினு கீறீங்கோ?" என்றார் ஏட்டு.

தெருவில் யாரோ தகவல் கொடுத்திருக்கிறார்கள். பாய் வீட்டு மாடியில் ஒருத்தன் சனிக்கிழமை தோறும் எதையோ வானத்துக்குக் காட்டி இங்கிலீஷில் பேசுகிறான் என்று. தாம்பரத்தில் விமானப்படைத் தளம் இருக்கிறது, பக்கத்தில் விமான நிலையம் இருக்கிறது. சந்தேகப்பட்டதில் தப்புச் சொல்ல முடியாது. உரிமம் இருக்கிறது என்றேன். "அதெல்லாம் ஸ்டேஷன்ல வந்து சொல்லுங்கோ," என்றார். செட்டையும் ஆன்டெனாவையும் அவரே வாங்கிக்கொண்டார். ஜீப்பில் என்னோடு பாயையும் ஏற்றினார்கள்.

இன்ஸ்பெக்டர் என்னை உட்காரச் சொன்னார். எங்கே வேலை, சொந்த ஊர் எது என்று மரியாதையாகவே கேட்டார். பிறகு சுவரோரம் நின்றிருந்த பாயின் பக்கம் திரும்பினார்.

"உன் வீடா?"

"ஆமா சார்."

"பையன் எங்க?"

"மஸ்கட்ல சார். ஏசி மெக்கானிக்."

"எப்போ கடைசியா வந்தான்? யார் யாரு கூடப் பழக்கம்? பணம் யார் பேருக்கு அனுப்பறான்?"

செட் என்னுடையது. மாடியில் நின்று பேசியவன் நான். கேள்விகள் அவருக்குப் போய்க்கொண்டிருந்தன.

"சார், அவருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல," என்றேன்.

"உங்களைக் கேக்கும்போது நீங்க சொல்லுங்க சார்."

அதற்குள் மனைவி ஆட்டோ பிடித்து உரிமத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். கையில் பேப்பர் கட்டும் இருந்தது. எவ்வளவு நேரமாகுமோ என்று அதையும் எடுத்து வந்திருக்கிறாள். இன்ஸ்பெக்டர் உரிமத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சேட்டிலைட்டுக்குப் பெரிய டிஷ் வேணும். இது என்ன, குச்சியும் தகரமும்? எங்க, பேசிக் காட்டுங்க."

"இப்ப முடியாது சார். அது போயிடுச்சு."

"எங்க போயிடுச்சு?"

"வடக்க. இந்நேரம் ரஷ்யாவைத் தாண்டியிருக்கும். சுத்தி வர ஒன்றரை மணி நேரம் ஆகும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வரட்டும். வெயிட் பண்ணலாம்."

காத்திருந்தோம். மனைவி பெஞ்சில் உட்கார்ந்து, சிவப்புப் பேனாவை எடுத்துப் பேப்பர் திருத்த ஆரம்பித்தாள். கொசு கடித்தது. அந்தித் தொழுகைக்கான மக்ரிப் பாங்கு எங்கிருந்தோ கேட்டதும், "தொழுதுட்டு வந்துடறேன் சார்," என்று பாய் கேட்டார். வெளியே போகக் கூடாது என்றார்கள். பிடித்து வைத்த மோட்டார் சைக்கிள்கள் துருப்பிடித்துக் கிடந்த இடத்தில், தோள் துண்டை விரித்து, மேற்கே திரும்பி நின்று தொழுதார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

எனக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. அடுத்த சுற்றில் யார் பதில் சொல்வார்கள் என்பது என் கையில் இல்லை. கொச்சிக்காரர் வந்தால் நல்லது. கொழும்பிலிருந்து ஒருவர் உண்டு, அநேகமாக எல்லாச் சனிக்கிழமையும் வருவார். தமிழர். ஆங்கிலத்தில் விவரங்களைச் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு வரி தமிழில் நலம் விசாரிப்பார். இலங்கையில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். தமிழ்நாட்டில் ஒரு போலீஸ் ஸ்டேஷனில், வயர்லெஸ் செட்டில், ஈழத் தமிழ் கேட்டால் கேஸே வேறு மாதிரி ஆகிவிடும்.

நேரம் வந்ததும் ஸ்டேஷன் மாடிக்குப் போனோம். இன்ஸ்பெக்டர், ஏட்டு, பாய், நான். மேற்குப் பக்கமாக ஆன்டெனாவை நீட்டினேன். முதலில் இரைச்சல். பிறகு இரைச்சல் மெல்ல அடங்கி, அரபுச் சாயலில் ஒரு ஆங்கிலக் குரல் வேறு யாரையோ அழைத்தது. "இது எங்கேருந்து?" என்றார் இன்ஸ்பெக்டர். வளைகுடாப் பக்கம் என்றேன். அவர் பாயைத் திரும்பிப் பார்த்தார். பாய் தரையைப் பார்த்தார்.

நான் என் அழைப்புக்குறியைச் சொன்னேன். பிறகு தெளிவாக, பக்கத்தில் நிற்பது போல, கொழும்பு.

ஆங்கிலத்தில் என் குறியைத் திருப்பிச் சொன்னார், குரல் நன்றாக இருக்கிறது என்றார். அத்தோடு நிறுத்தக் கூடாதா என்று நினைத்தேன். நிறுத்தவில்லை.

"என்ன தம்பி, சுகமா இருக்கிறியளோ? வீட்டில எல்லாரும் சுகம்தானே?"

பட்டனை அழுத்தி, "சுகம்தான் அண்ணா, நன்றி," என்றேன். வேறென்ன சொல்வது. செயற்கைக்கோள் இறங்கி, குரல்கள் கரைந்துபோயின.

"எந்த ஊரு இவரு?"

"கொழும்பு சார்."

இன்ஸ்பெக்டர் கையை நீட்டினார். செட்டைக் கொடுத்தேன். கீழே போய் நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னார். "நீங்க படிச்சவர், வேலையில இருக்கீங்க. ஆனா நான் இதை விட முடியாது. மேல கேட்டுத்தான் தரணும்," என்றார். அவர் நிலைமையில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். மூவரும் ஒரே ஆட்டோவில் வீட்டுக்கு வந்தோம். வழியில் பாய் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார்.

"பையன் மேட்டர் எதுக்கு சார் கேட்டாங்கோ?"

பதில் அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மனைவிதான், "வழக்கமா எல்லாரையும் கேப்பாங்க பாய்," என்றாள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் அலுப்பாக இருக்கிறது. அலுவலகத்தில் பர்மிஷன் போட்டு ஸ்டேஷனுக்குப் போவேன். இன்ஸ்பெக்டர் ரவுண்ட்ஸ் போயிருப்பார். மறுபடி போவேன். பந்தோபஸ்து டியூட்டி என்பார்கள். பாயையும் நடுநடுவே கூப்பிட்டார்கள், மகனுடைய பாஸ்போர்ட் நகல் கொண்டு வா, விசா நகல் கொண்டு வா என்று. கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் நானும் அவரும் அதே பெஞ்சில் தோளில் தோள் சாய்ந்து தூங்கிவிட்டோம். ஏட்டுதான் தட்டி எழுப்பினார். "பெரிய பேஜாரா பூட்ச்சு சார் உங்களுக்கு," என்றார், கொஞ்சம் வருத்தத்தோடேயே.

கடைசியில் காவல் துறையின் வயர்லெஸ் பிரிவிலிருந்து ஒரு அதிகாரி வந்து செட்டைச் சோதித்தார். உரிமத்தைப் பார்த்ததுமே, "ஹாம் ஆளா நீங்க?" என்று கேட்டுவிட்டு, எழுத வேண்டியதை எழுதிக் கொடுத்துப் போய்விட்டார். அத்தனை மாதக் காரியம் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடிந்தது. செட் திரும்பி வந்தது. ஆன்டெனா எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

செட்டை பீரோவுக்கு மேலே வைத்தேன். வருத்தமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். நிம்மதியாகத்தான் இருந்தது. சனிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் விளக்கு வைக்கிற நேரம் வரை தூங்கினேன். தாம்பரத்தில் வாடகைக்கு வீடு பார்க்கலாம் என்று நானும் மனைவியும் பேசிக்கொண்டோம். பாய்க்கு எங்களால் வந்த தொல்லை போதும் என்று தோன்றியது.

அதைச் சொல்லக் கீழே போனேன். பாய் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"மேல வரவே காணோமே சார்?"

"விட்டுட்டேன் பாய். வீடும் மாத்திடலாம்னு இருக்கோம்."

அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"நீங்கோ நிறுத்திட்டா தெருவுல இன்னா நெனைப்பான்? போலீஸ் வந்துச்சு, அப்பால நிறுத்திட்டானுங்கோ, அப்போ தப்புத்தண்டா எதுவோ நடந்துகினுதான் இருந்துச்சுன்னு நெனைப்பான். உங்களுக்கு இன்னா சார், சாமானைக் கட்டிகினு தாம்பரம் பூடுவீங்கோ. நான் இந்த வூட்லதான கீறேன்?"

நான் அப்படி யோசித்திருக்கவே இல்லை.

"இப்ப என்ன பண்ணச் சொல்றீங்க பாய்?"

"முன்ன மாதிரி மேல ஏறுங்கோ. நானும் கூட வந்து நிக்கிறேன். பாக்கறவன் பாக்கட்டும்."

மறுபடியும் அளவு டேப் வாங்கி வெட்டினேன். உட்கார்ந்து செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. முதல் சனிக்கிழமை பாய் வெள்ளைச் சட்டை, தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டு மாடிக்கு வந்தார். கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி இருந்தார். தெருப் பக்கமாகக் கைப்பிடிச் சுவரை ஒட்டி, எல்லார் கண்ணிலும் படும்படி நின்றார். எதிர்வீட்டுக்காரர் துணி எடுக்க வந்து எங்களையே பார்த்தார். பாய் அவரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "கவர்மென்ட் லைசென்ஸ் சார்! போலீஸே பாத்து ஓகே பண்ணிட்டாங்கோ. நீங்களும் வந்து கேளுங்கோ!" எதிர்வீட்டுக்காரர் அரைகுறையாகத் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

கொழும்பு அன்று வந்தது. "கனநாள் காணேல்லை தம்பி, என்ன நடந்தது?" நடந்ததைச் சொல்ல அங்கே இடமில்லை. வரிசையில் நாலு பேர் காத்திருந்தார்கள், செயற்கைக்கோளும் நிற்காது. "வேலை அதிகம் அண்ணா," என்றேன். "உடம்பைப் பாருங்கோ," என்றார். பாய் கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் பயம் இருந்ததா என்று இருட்டத் தொடங்கியிருந்ததில் தெரியவில்லை. ஆனால் நகராமல் நின்றார்.

அதன்பின் இரண்டு வருடத்துக்கும் மேல் அந்த வீட்டில் இருந்தோம். அநேகமாக எல்லாச் சனிக்கிழமையும் மாடிக்குப் போனோம். எனக்கு அது பொழுதுபோக்காக இருந்ததெல்லாம் முடிந்துபோயிருந்தது. எத்தனையோ நாள் கண் எரியும், கால் கடுக்கும், ரயிலிலிருந்து இறங்கியதும் படுத்துவிட வேண்டும் போல இருக்கும். கீழே பாய் செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்கும். எழுந்துவிடுவேன். மனைவி பேப்பர் கட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "ஆன்டெனா கதவுக்குப் பின்னால இருக்கு," என்பாள்.