ஏழாயிரம்பண்ணையில் பார்த்த எஞ்சின்

மே மாதத்து வெள்ளிக்கிழமை. காலை ஐந்தரை மணிக்குத் திருச்சியை விட்டுக் கிளம்பினோம். நாங்கள் என்றால் மூன்று பேர்: நான், என் வீட்டுக்காரர், எங்கள் அம்பாசடர். மூவரில் இளையது கார்தான், ஐம்பதை நெருங்குகிறது. ஆனால் அதிகமாக மூச்சு வாங்குவதும் அதுதான்.

தபால் ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, வந்த பணத்தில் ஒரு பங்கைப் போட்டு இதை வாங்கினேன். நகை வாங்கியிருக்கலாம் என்று என் தங்கை இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை முக்கொம்பு வரை ஒரு சவாரி, திரும்பும்போது ஒரு காபி, அதற்கு மட்டும்தான் வண்டி. ஆறு மாதமாகப் பெட்ரோலோடு போட்டி போட்டுக்கொண்டு ஆயிலையும் குடிக்க ஆரம்பித்திருந்தது. தேய்ந்த சிலிண்டரை இனிமேல் கடைந்து சரிசெய்ய முடியாது, வேறு எஞ்சின் பாருங்கள் என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பழைய பெட்ரோல் எஞ்சினில் ஒரு வேடிக்கை உண்டு. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவியைத் திருப்பி அணைத்து, ஒரு நொடி விட்டு மறுபடி போட்டால், சைலன்சருக்குள் தேங்கிய பெட்ரோல் ‘டமார்’ என்று வெடிக்கும். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அது உயிர். என் தலையைக் கண்டாலே “அத்தை, வெடி!” என்பார்கள். நானும் வெடித்துக் காட்டுவேன். இந்த வயதில் இது தேவையா என்று வீட்டுக்காரர் கேட்பார். எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது.

மதுரையில் இட்லி சாப்பிட்டுவிட்டு, பத்தரை மணிக்கு விருதுநகர் போய்ச் சேர்ந்தோம். மிளகாய் வற்றல் மண்டிகள் இருக்கும் தெருவில் நுழைந்ததும் இரண்டு பேரும் மாறி மாறித் தும்மினோம். அந்தத் தெருவைத் தாண்டி, பழைய கார்களை உடைத்து விற்கும் அண்ணாச்சியின் கொட்டகை. நாற்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டுக் கிரீஸ் இல்லை.

“வாங்க, வாங்க. வெயிலுக்கு முந்தி வந்துட்டீக. சாப்பிட்டீகளா?” என்றவர், காரைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார். “நல்லா வச்சிருக்கீக.”

அவரிடம் மூன்று எஞ்சின்கள் இருந்தன. முதலாவது, ஏலத்தில் எடுத்த அரசாங்க வண்டியின் டீசல் எஞ்சின், அறுபதாயிரம். இரண்டாவது, பின்னாளில் வந்த ஐந்து கியர் பெட்ரோல், எழுபத்தைந்து. மூன்றாவது என் காரில் இருக்கும் அதே பழைய பெட்ரோல் எஞ்சின். அது முப்பத்தைந்துதான், ஆனால் இங்கே இல்லை. ஏழாயிரம்பண்ணையில் ஒருவருடைய தோட்டத்துக் கொட்டகையில் கிடக்கிறது.

“என்னையக் கேட்டா டீசலப் போட்டுட்டு நிம்மதியா ஓட்டுங்கம்பேன்” என்றார் அண்ணாச்சி. “ஆர்.சி. புக்குல மாத்தணும், அது ஒண்ணுதான் அலைச்சல்.”

“டீசல் போட்டா சத்தம் மாறிடுமே அண்ணாச்சி” என்றேன்.

“சத்தத்துக்கா எஞ்சின் வாங்குறீக?”

வீட்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆமாம், சத்தத்துக்குத்தான் என்று நான் வீம்பாகச் சொன்னேன். எங்கே போகணும், வழியை மட்டும் சொல்லுங்கள் என்றேன்.

சாத்தூர் வரை நாலுவழிச் சாலை. சாத்தூரில் வெள்ளரிக்காய் வாங்கிக்கொண்டு மேற்கே திரும்பியதும் ஊரின் முகம் மாறுகிறது. கரிசல் காடு, கருவேலம், வெடித்த நிலம். அதன் நடுவே ஒன்றுக்கொன்று எட்டி எட்டி நிற்கும், பட்டாசுக் கம்பெனிகளின் சின்னச் சின்ன அறைகள். ஒன்றில் தீப்பிடித்தால் அடுத்ததற்குத் தாவக் கூடாது என்று அப்படிக் கட்டுகிறார்கள். பெண்களை இறக்கிவிட்ட வேன்கள் வேலியோரம் வரிசையாக நின்றன.

பன்னிரண்டு மணிவாக்கில் எஞ்சினைப் பார்த்தோம். தோட்டக்காரர் சாக்கை விலக்கினார். டயர் ஒன்றின் மேல் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் ரயில்வேயில் எஞ்சினோடு மல்லுக்கட்டியவர், லேசில் எதையும் மெச்சமாட்டார். ஸ்பேனரைப் போட்டு மெதுவாகச் சுற்றிப் பார்த்தார். ஆயில் கம்பியை உருவி முகர்ந்தார். “அமுக்கம் நல்லா இருக்கு சாந்தி. உன் வண்டிக்குன்னே பிறந்தது மாதிரி இருக்கு” என்றார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அண்ணாச்சியிடம் பேசி முடித்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

இனி நடந்தது ஒரு சின்ன ஊரில். அதன் பெயரை எழுதப் போவதில்லை. என்னால் அவர்களுக்கு இதற்கு மேல் ஒரு தொந்தரவும் வேண்டாம்.

ரோட்டோரப் பாலத்துச் சுவரில் நாலைந்து பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். பள்ளிக்கூட விடுமுறை. காரைப் பார்த்ததும் எழுந்து கையை ஆட்டினார்கள். நான் சாவியைத் திருப்பினேன். யோசிக்கவே இல்லை. எங்கள் தெருவில் செய்வதைப் போலவே கை போய்விட்டது. பாலத்தின் இரண்டு சுவருக்கும் நடுவே, இதுவரை வெடிக்காத சத்தத்தில் வெடித்தது.

பிள்ளைகள் சிரிக்கவில்லை. காரைப் பார்த்துக்கொண்டிருந்த முகங்கள் அத்தனையும் காட்டுப் பக்கம் திரும்பின. அங்கே தூரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் தகரக் கூரைகள் தெரிந்தன.

அதற்குள் வீடுகளிலிருந்து பெண்கள் ஓடி வந்தார்கள். ஒருத்தி கையில் அகப்பை. இன்னொருத்தி, என் வயதுக்காரி, தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தவள் அப்படியே வந்துவிட்டாள். தலை நிறையச் சிகைக்காய், நெற்றியில் வழிகிறது, காலில் செருப்பில்லை. “எங்கன? எந்தப் பக்கம்?” என்று பொதுவாகக் கேட்டாள். யாரோ கம்பெனிப் பக்கம் கையைக் காட்டினார்கள். அவ்வளவுதான், காட்டுப் பாதையில் ஓட ஆரம்பித்தாள். “மாரிக்கனி, நில்லு, ஏதாச்சும் வண்டி வரட்டும்” என்று ஒருத்தி கத்தினாள். அவள் நிற்கவில்லை.

நான் காரை விட்டு இறங்கி, “வெடிச்சது என் வண்டிங்க, கம்பெனியில ஒண்ணும் இல்ல” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் தடவை சொன்னபோதுதான் அகப்பைக்காரி திரும்பினாள்.

“வண்டியா? கம்பெனியில வெடிச்சுப் பாக்குற டெஸ்டிங் சத்தம் எங்களுக்குத் தெரியும், இது அதில்லன்னுல்ல ஓடியாந்தோம்” என்றாள். “அவ மக உள்ள இருக்கா. செல்போன கேட்டுலயே வாங்கி வச்சுக்கிடுவாக, போன் போட்டும் கேக்க முடியாது.”

காரில் துரத்தலாம் என்று கதவைத் திறந்தேன். வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார். “மறுபடி வெடிச்சா?” என்றார். மாரிக்கனியின் பின்னாலேயே நானும் ஓடினேன். ஓடினேன் என்று சொல்வது பெரிய பேச்சு. பாதி தூரம் நடைதான். நெருஞ்சி முள்ளும் வெயிலும். முன்னால் அந்த ஈரத்தலை போய்க்கொண்டே இருந்தது. அவளை எட்டவே முடியவில்லை.

கம்பெனி கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். சத்தம் கேட்டால் எது என்ன என்று கேட்கக் கூடாது, கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும் என்பது அங்கே பழக்கம். போர்மேன் தலையை எண்ணிக்கொண்டிருந்தார். மாரிக்கனி கூட்டத்துக்குள் புகுந்து, ஒரு இளம்பெண்ணின் இரண்டு தோளையும் பிடித்து, முகத்தைத் தடவி, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிகைக்காய் அந்தப் பெண்ணின் சட்டையெல்லாம் அப்பியது.

“எனக்கு என்ன? நான் நல்லாத்தான இருக்கேன். நீ ஏன் இப்படி வந்து நிக்க?” என்றாள் மகள். அதற்கப்புறம்தான் மாரிக்கனி தரையில் உட்கார்ந்தாள்.

நான் போர்மேனிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. “ஏம்மா, பழைய வண்டிய இந்தப் பக்கமெல்லாம் கொண்டு வரலாமா?” என்று மட்டும் கேட்டார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, “கலந்து வச்ச வெடிமருந்த மறுபடி தொடக் கூடாது, தண்ணியில கொட்டிருவோம். இன்னைக்கு இம்புட்டுதான், வீட்டுக்குப் போங்க” என்றார். செய்த அளவுக்குத்தான் அங்கே கூலி. மதியத்துக்கு மேல் செய்யவேண்டியது அத்தனையும் என்னால் போயிற்று. ஒரு வயதான அம்மாள், “பழைய வண்டி, அது என்ன செய்யும், விடுங்க” என்று எனக்கே சமாதானம் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். வண்டி தானாக வெடிக்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. வெட்கம் என்றால் என்ன என்று எனக்கு அந்த மரத்தடியில்தான் தெரிந்தது.

அந்தக் கம்பெனிக்கு வேன் சாயங்காலம்தான் வரும். எல்லாரோடும் சேர்ந்து நடந்தே ஊருக்குத் திரும்பினேன். வழியில் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். காரைக் கட்டி இழுக்க ஒரு குட்டியானை லாரியை அனுப்பும்படி கேட்டேன். டீசல் எஞ்சினை எனக்கு எடுத்து வைக்கவும் சொன்னேன்.

“ஏன், அங்கன இருக்கது நல்லா இல்லையா?”

“ரொம்ப நல்லா இருக்கு அண்ணாச்சி. அதனாலதான் வேண்டாம்.”

அவர் ஒன்றும் புரியாமல் சரி என்றார்.

கார் அந்தப் பாலத்தருகே நின்றது. குட்டியானை வருகிறவரை ஓரமாக நிற்கட்டும் என்றேன். “இங்கன வேண்டாம், மெயின் ரோட்டுக்குப் போயிருவோம். நீங்க ஸ்டார்ட் பண்ணாதீக, நாங்க தள்ளுறோம்” என்றாள் மாரிக்கனியின் மகள். நான் தள்ளுகிறேன், அவர் ஓட்டட்டும் என்றேன். சொன்ன பிறகுதான் நினைவு வந்தது, வீட்டுக்காரருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ரயில்வேக்காரர், வாழ்நாளெல்லாம் தண்டவாளம். அதனால் நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன். கூலி இழந்த பெண்கள் ஏழெட்டுப் பேர் பின்னால் நின்று தள்ளினார்கள். வீட்டுக்காரரும் அவர்களோடு தள்ளினார். “ஏலே, ஒதுங்குங்கலே” என்று பிள்ளைகளை விரட்டினாள் அகப்பைக்காரி. ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே தள்ளினார்கள். முக்கால் கிலோமீட்டர் இருக்கும். கண்ணாடியில் அவர்கள் முகம் தெரிந்தது. நான் கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டேன்.

மெயின் ரோட்டில் நிறுத்தியதும் மற்றவர்கள் திரும்பிவிட்டார்கள். மாரிக்கனி மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். தலையில் சிகைக்காய் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டேன் என்று தோன்றியது.

“வண்டி தானா வெடிக்கலம்மா” என்றேன். “நான்தான் சாவியத் திருப்பி வெடிக்க வச்சேன். பிள்ளைங்களுக்கு வேடிக்கை காட்ட.”

“தெரியும்” என்றாள். “பிள்ளைக பாத்திருக்கு. நாங்க திரும்பி வந்ததுமே சொல்லிருச்சு.”

“எல்லாருக்குமா?”

“எல்லாருக்குந்தான்.”

“தெரிஞ்சுமா தள்ளுனீங்க?”

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கோபமாகச் சொல்லவில்லை. “பெறகு? வண்டி ஊர விட்டுப் போகணும்ல” என்றாள். கொஞ்ச தூரம் நடந்தவள் திரும்பிப் பார்த்து, “இன்னொரு தடவ வந்தா பஸ்ஸுல வாங்க. வீட்டுக்கு வாங்க” என்றாள்.

அண்ணாச்சி சொன்ன அலைச்சல் உண்மைதான். ஆர்.சி. புத்தகத்துக்கு மூன்று தடவை நடந்தேன். டீசல் எஞ்சின் கடகடவென்று ஓடுகிறது. அடக்கமான வண்டியாகிவிட்டது. முக்கொம்புக்கும் முன்போலவே போய்வருகிறோம். புரோட்டா சாப்பிடாமல் விருதுநகரை விட்டு வந்த ஒரே ஆட்கள் நாங்களாகத்தான் இருப்போம் என்று வீட்டுக்காரர் சொல்லிக் காட்டுகிறார். வேறெதையும் அவர் சொல்லிக் காட்டியதில்லை.

புது எஞ்சினோடு முதல் ஞாயிறு தெருவுக்குள் நுழைந்தபோது பிள்ளைகள் வழக்கம்போல ஓடி வந்தார்கள். எங்கள் தெருவில் சத்தத்துக்கு ஓடி வருகிறவர்கள் பிள்ளைகள் மட்டும்தான்.

“அத்தை, வெடி!”

“இந்த எஞ்சின்ல வராது.”

“அப்ப ஏன் மாத்துனீங்க?”

சுலபமான பதில்கள் நாலைந்து கைவசம் இருந்தன. வண்டியை ஓரமாக நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

“மாரிக்கனின்னு ஒரு அம்மா அன்னைக்குத் தலைக்குக் குளிச்சிக்கிட்டிருந்தாங்க” என்று ஆரம்பித்தேன்.