மீன்குழம்புச் சோதனை

ஸ்குரூவை இறுக்கி முடித்ததும் றோசலின் எப்போதும்போலத் தன் மத்தியானச் சாப்பாட்டுப் பையைத் துப்பாக்கியின் முன்கைப்பிடியில் கொளுவித் தொங்கவிட்டு, ஒரு குலுக்குக் குலுக்குகிறார். பைக்குள் சோறும் மீன்குழம்பும். "குழம்பு விழேல்லையெண்டா ஒண்டும் விழாது. பயப்பிடாமக் கொண்டுபோங்கோ."

நீங்களும் பயப்பட வேண்டாம். அஜின்கோர்ட் என்னும் ஊரில் அவர் வேலைசெய்யும் கடையில் இருப்பதெல்லாம் பிளாஸ்டிக் மணி சுடும் விளையாட்டுத் துப்பாக்கிகள்தான். குழலை மூடியிருக்கும் ஹாண்ட்கார்டில் லைட், கைப்பிடி என்று பூட்டிக்கொடுப்பது றோசலினின் பொறுப்பு. பிக்கட்டினி, கீமொட், எம்-லொக் என்ற மூன்று வகைப் பூட்டுகளில் எது நல்லது என்று வாய்தவறிக் கேட்டுவிட்டால் போச்சு, மனுசி உங்களை லேசில் விடமாட்டார்.

"பிக்கட்டினி முதலை முதுகு மாதிரி. பிடிச்சா விடாது, ஆனா பாரம், கையையும் உரஞ்சும். கீமொட் மெல்லிசு, நல்ல வடிவு. இப்ப அதுக்குச் சாமான் தேடி ஊரெல்லாம் அலையவேணும். எம்-லொக் எடுங்கோ. வெறும் நீட்டு ஓட்டைதான். உள்ளுக்க நட்டு குறுக்கால திரும்பிச்சுதெண்டா ஆட்டினாலும் அசையாது."

ஞாயிறு பூசை முடிந்து கோயிலில் யாராவது வேலையைப் பற்றிக் கேட்டால், "துவக்குக் கடையில மெக்கானிக்" என்று சொல்லிவிட்டு, நிஜத் துப்பாக்கி என்று நினைத்து அவர்கள் முழிப்பதை ரசிப்பார். தான் பூட்டியது ஒன்றுமே கழன்று விழுந்ததில்லை என்பதில் அப்படியொரு பெருமை. இருக்கட்டுமே, உழைத்துச் சேர்த்த பெருமை!

அதில் போன சனிக்கிழமை மண் விழுந்தது. கடை நிறையச் சனம். ஒரு விளையாட்டுக் குழுவின் தலைவனான கிளிபோட், கழன்ற கைப்பிடியை ஒரு கையிலும் துப்பாக்கியை மற்றக் கையிலும் பிடித்தபடி வந்து நின்றான்.

"அன்ரி, நீங்க பூட்டின எம்-லொக் கேம் நடுவில கழண்டு விழுந்திட்டுது. சோ எம்பரசிங்! ரீம் முழுக்கப் பிக்கட்டினிக்கு மாத்தப்போறம்."

றோசலின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். நட்டு திரும்பவேயில்லை. ஓட்டையின் விளிம்பைச் சுரண்டிக்கொண்டு சும்மா நின்றிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இறுகியதுபோலத்தான் தெரிந்திருக்கும்.

"இதை எப்ப பூட்டினனான்?"

"ஆஷ் வெட்னஸ்டே, அன்ரி. உங்கட நெத்தியில சாம்பல் இருந்தது."

விபூதிப் புதன். ஒருசந்தி நாள். அன்றைக்குச் சாப்பாடு இல்லை, ஆகவே பையும் இல்லை. பை இல்லாததால் குலுக்கவும் மறந்துபோனார். ஐயோ! மலிவு ஹாண்ட்கார்ட், ஓட்டை அளவு சரியில்லை என்று கையைக் கழுவியிருக்கலாம், கிளிபோட்டும் நம்பியிருப்பான். ஆனால் றோசலினுக்கு ரோசம் விடவில்லை.

"எம்-லொக்கில பிழை இல்லை, கிளிபோட். பிழை என்னில." கடை முழுக்கக் கேட்கத்தான் சொன்னார்.

நட்டைக் குறுக்காகத் திருப்பி, உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்து, இறுக்கினார். சாப்பாட்டுப் பையை எடுத்துக் கைப்பிடியில் கொளுவினார். காலையில்தான் சலூனுக்குப் போய்ச் செட் பண்ணிய தலை. அந்தத் தலைக்கு நேர் மேலே துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்து, கண்ணைக்கூட மூடாமல் குலுக்கத் தொடங்கினார்.